ரயிலடித் தெருத் தலைமையாசிரியர்

தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றதும் நான் செய்த முதல் காரியம், என் படம் போட்ட ஃபிளெக்ஸ் ஒன்றைப் பள்ளி வாசலில் கட்டச் சொன்னதுதான். எட்டடிக்கு ஆறடி. தலைப்பு, 'நமது பள்ளியின் பொது நெறிகள்'. உண்மை, சமத்துவம், தூய்மை, நேரந்தவறாமை, தன்னம்பிக்கை என்று ஐந்து நெறிகளை நானே யோசித்து எழுதிக் கொடுத்திருந்தேன். அச்சடித்த பையன் என் படத்துக்கே பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டதால் ஐந்து நெறிகளும் என் முழங்கைக்குக் கீழே மாத்திரை அட்டை எழுத்து அளவுக்குச் சுருங்கிப்போயின. படத்தில் நான் கன்னத்தில் ஒரு விரலை ஊன்றி, நாட்டின் எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உண்மையில் ஸ்டுடியோவின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் இறங்கி ஆறு கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளி வரும். நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். அது ஐப்பசி மாதம். மைதானம் முழுக்க ஈரம். அந்த ஈரத்தில் அத்தனை பேரையும் நிற்க வைத்து முதல் நாள் ப்ரேயரில் நாற்பது நிமிடம் பேசினேன். நேரந்தவறாமை என்ற நெறியை விளக்கவே பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. முதல் பாடவேளை முழுசாகப் போயிற்று. கணக்கு வாத்தியார் மட்டும் அதற்காக வருத்தப்பட்டார். பிள்ளைகள் வருத்தப்படவில்லை.

அந்தப் பேச்சின் தொடக்கத்தில்தான் என்னை அறிமுகம் செய்துகொண்டேன். "என் பெயர் தமிழ்மாறன். வரலாற்று ஆசிரியராக இருபத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்தவன். சொந்த ஊர் நன்னிலம் பக்கம். ரயிலடித் தெரு."

இந்த ரயிலடித் தெருவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் ரயிலடி கிடையாது. நன்னிலம் ரயிலடி எங்கள் ஊரிலிருந்து நாலு மைல். காற்று எங்கள் பக்கம் அடித்தால் ஹாரன் சத்தம் கேட்கும். எங்களுக்கும் ரயில்வேக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். நான் பிறந்து வளர்ந்தது காலனித் தெருவில். அப்பா தங்கையன், பண்ணையில் கூலி. அம்மா நடவுக்குப் போனவள்.

எங்கள் பக்கத்தில் படித்தவர்கள் யாரும் நேராகச் சாதி கேட்க மாட்டார்கள். அது அநாகரிகம். "ஊர்ல நீங்க எந்தத் தெரு?" என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். தெருவைச் சொல்லிவிட்டால் மீதியையும் சொன்ன மாதிரிதான். முதல் வேலை கிடைத்து வாடகைக்கு வீடு தேடிப் போனபோது சரசா என்ற வீட்டுக்கார அம்மாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அதைக் கேட்டார். அதற்கு முன் இரண்டு வீடுகளில் உண்மையைச் சொல்லி, "வூட்ல கேட்டுட்டுச் சொல்றோம்" என்ற பதிலோடு திரும்பியிருந்தேன். மூன்றாவது வீட்டில் என் வாயில் வந்தது ரயிலடித் தெரு. ரயிலடித் தெருவில் யார் வேண்டுமானாலும் குடியிருக்கலாம். ஸ்டேஷன் மாஸ்டர் இருப்பார், ஓட்டல்காரர் இருப்பார், பிரியாணிக் கடை பாய் இருப்பார். கேட்டவருக்கு மேற்கொண்டு ஒன்றும் புரியாது. சாவி என் கைக்கு வந்தது.

அன்றிலிருந்து நான் ரயிலடித் தெருக்காரன். நாளாக ஆக அந்தத் தெருவில் எனக்கு ஒரு மச்சு வீடும், வாசலில் ஒரு வாதா மரமும், எதிரே ஒரு டீக்கடையும் அமைந்துவிட்டன. ஒருமுறை ஒரு கல்யாணப் பந்தியில், எங்கள் ரயிலடித் தெருவில் தண்ணீர்க் கஷ்டம் என்று பக்கத்து இலைக்காரரிடம் குறைகூடப் பட்டுக்கொண்டேன். அவர் பாவம், கலெக்டருக்கு மனு எழுதிப் போடச் சொன்னார்.

எங்கள் பள்ளியின் உதவித் தலைமையாசிரியர் நாகேஸ்வரன். இயற்பியல் ஆசிரியர், நல்ல மனிதர். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் பாதி நிலம் அவர்கள் குடும்பத்துடையது, இப்போது அவருக்கு இருப்பது ஒரு ஸ்கூட்டர். என் பேச்சு முடிந்ததும் ஃபிளாஸ்கோடு என் அறைக்கு வந்தார்.

"நன்னிலத்துல எங்க பெரியம்மா வீடு இருந்துது சார். ரயிலடித் தெரு எந்தப் பக்கம்?"

"ரயிலடிக்குப் பக்கத்துல" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டே தன் வீட்டு டபராவில் காபியை ஆற்றிக் கொடுத்தார். தினமும் பதினோரு மணிக்கு அந்தக் காபி எனக்கு வர ஆரம்பித்தது. நல்ல காபி. அதைக் குடிக்கும்போதெல்லாம், உண்மை தெரிந்தால் டபரா நின்று பேப்பர் கப் வரும் என்று ஒரு நினைப்பும் கூடவே இறங்கும். முன்பு ஒரு பள்ளியில் விஷயம் கசிந்ததும் எனக்கு அப்படி வந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். நெறிகளை ஃபிளெக்ஸில் போட்டால் போதாது, பிள்ளைகள் வாயிலும் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. 'என்னை அறிவேன், எடுத்துரைப்பேன்' என்று ஒரு திட்டம் போட்டேன். தினமும் ப்ரேயரில் மூன்று மாணவர்கள் மைக் முன்னால் வந்து தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அதற்கென்று ஒரு படிவம். அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்த அனீஸாவிடம் வாசகத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பெயர், வகுப்பு, ஊர், தெரு, பெற்றோர் பெயர், பெற்றோர் தொழில், நான் மதிக்கும் நெறி.

அனீஸா தட்டச்சை நிறுத்தினார். "சார், தெருவும் போடணுமா? ஊரு போதாதா?"

"முழு முகவரி தெரிஞ்சாதான் மேடம் முழு மனுசனைத் தெரியும்" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தெருவையும் அடித்தார். இருபத்திரண்டு வருடம் அந்தக் கேள்விக்கு ஓடி ஒளிந்தவன், அதே கேள்வியை நானூற்றுப் பன்னிரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. பொய் எனக்கு அவ்வளவு பழகிவிட்டிருந்தது. அந்தக் கேள்வி சுடும் என்பதே மறந்துபோயிருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

முதல் வாரம் திட்டம் அமோகமாக நடந்தது. மேலத்தெரு, வடக்குத் தெரு, கடைத்தெரு என்று பிள்ளைகள் கணீரென்று சொன்னார்கள். சிலர் தெருவின் பெயரைச் சொல்லும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்கள். நான் மேடையில் கையைக் கட்டிக்கொண்டு பெருமிதத்தோடு நின்றேன். வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்பு அறிவுமதி என்ற பெண் தலையைக் குனிந்துகொண்டு காலனித் தெரு என்றாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் வரிசையாகப் பத்துப் பேருக்குத் தொற்றியது. ஐப்பசி மாதம், ஈர மைதானம், பிள்ளைகளுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து, சத்துணவில் மிளகு கூட்டச் சொன்னேன்.

இரண்டாம் வாரம், முறை வந்த பிள்ளைகளில் சிலர் வரவில்லை. திங்கள் ஒருவர், செவ்வாய் இருவர், புதன் ஒருவர். மேடைக் கூச்சம் என்று முடிவு கட்டினேன். புதன்கிழமை தன்னம்பிக்கை பற்றிக் கால் மணி நேரம் பேசி, கூச்சம் போகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகும்படி அறிவுரை சொன்னேன். வராத பிள்ளைகள் எல்லாரும் எந்தத் தெரு என்று நான் பார்க்கவில்லை. படிவங்கள் என் மேஜையில்தான் இருந்தன.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஓர் அம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள். நாகேஸ்வரன் அப்போதுதான் டபராவை எடுத்துக்கொண்டு போயிருந்தார். களை பறித்துக்கொண்டிருந்த வயலிலிருந்து நேராக வந்திருக்கிறாள். புடவைக் கரையில் சேறு காயவில்லை. கையில் ஒரு விண்ணப்பம்.

"டிசி வாங்கணும் சார். எம் பொண்ணு எழில்மொழி. ப்ளஸ் ஒன்."

எழில்மொழியை எனக்குத் தெரியும். காலாண்டுத் தேர்வில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். நடு வருடத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு எங்கே போவாள் என்று கேட்டேன்.

"ஒரத்தநாட்டுல சேத்துக்குறேன்னு சொல்லியிருக்காங்க. போவ வர பதினெட்டு கிலோமீட்டரு. ரெண்டு பஸ்ஸு மாறணும். சாயங்காலம் வூடு வந்து சேர ஏழு ஆயிரும். இருந்தாலும் பரவால்ல, அங்க போறேங்குறா."

"ஏம்மா? இங்க என்ன குறை?"

அவள் எனக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த ஐந்து நெறிகளைப் பார்த்தாள். படிக்கத் தெரிந்தவள். முழுவதும் படித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"திங்கக்கெழம மைக்குல அவ மொறை. தெருவச் சொல்லணுமாமே. சொன்ன புள்ளைய இருமிக் காட்டுறானுவளாமே. அந்த அறிவுமதிப் பொண்ணு மூணு நாளு சோறு திங்கல சார்."

சளி என்று நினைத்து மிளகு போடச் சொன்னது ஞாபகம் வந்தது.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க தங்கையன் பெரியப்பா மவன்தானே? மாறண்ணன்?"

நான் மேஜையில் இருந்த படிவங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"நான் ரெங்கம்மா. நாகம்மா மவ. ஒங்க வூட்டுக்கு மூணாவது வூடு. என்னைய இந்த ஊருலதான் கட்டிக்குடுத்தாங்க. எனக்கு அப்ப பத்து வயசு, பதினோரு வயசு. ஒங்கள டீச்சர் ட்ரெயினிங்குக்கு அனுப்பறப்ப எங்கம்மா ரெண்டு மரக்கா நெல்லு குடுத்துச்சு. ஞாபகம் இருக்காண்ணே?"

ஞாபகம் இருந்தது. கதவைப் பார்த்தேன். அது திறந்திருந்தது. அந்த நேரத்தில் அவளுடைய மகளைப் பற்றியோ அவள் அம்மா கொடுத்த நெல்லைப் பற்றியோ நான் நினைக்கவில்லை. வெளியே யாராவது கேட்டிருப்பார்களோ என்றுதான் நினைத்தேன். ஐந்து நெறிகள் எழுதியவனின் முதல் நினைப்பு அது.

"நீங்க எட்மாஸ்டரா வந்திருக்கீங்கன்னு கேட்டதும் எனக்குக் கையி காலு ஓடல" என்றாள் ரெங்கம்மாள். "எம் பொண்ணுகிட்ட சொன்னேன். நம்ம தெருக்காரருடி, நீ ஏன் பயப்படுற, நிமுந்து நின்னு சொல்லுன்னு. அதுக்கு அவ கேக்குறா, அவரே ரயிலடித் தெருன்னு சொன்னாரும்மா, அவருக்கே சொல்ல முடியல, நான் எப்புடி சொல்றதுங்குறா. நான் என்னண்ணே பதில் சொல்லட்டும்?"

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் உண்மையிலேயே பதில் கேட்டாள். விண்ணப்பத்தை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் பெண்ணை அனுப்பச் சொன்னேன்.

"எதுக்கு?"

"அனுப்பும்மா. அதுக்கப்புறமும் வேணும்னா நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டுக் களைக்குத் திரும்பினாள்.

அந்த வெள்ளியும் சனியும் ஞாயிறும் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலில், படிவத்தில் அந்தக் கட்டத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அனீஸாவுக்கு இரண்டு நிமிட வேலை. ஆனால் ரெங்கம்மாளின் பெண் கேட்டது படிவத்தைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி. அதனால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். உடனே பயம் வந்தது. என் வீட்டுக்காரர், என் மனைவியோடு கோயிலுக்குப் போகும் பக்கத்து வீட்டு அம்மாள், நாகேஸ்வரனின் டபரா எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போயின. மனைவியிடம் சொன்னேன். அவள், "இத்தனை வருசமா அந்த ரயிலடித் தெருவுக்கு நானும்ல வாடகை குடுத்துக்கிட்டு இருக்கேன். காலி பண்ணிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களைய எழுந்து போய்விட்டாள்.

பயம் கொஞ்சம் அடங்கியதும் வேறொரு வியாதி வந்தது. என் வீரத்தை நானே ரசிக்க ஆரம்பித்துவிட்டேன். நான் உண்மையைச் சொல்வேன், மைதானம் அமைதியில் உறையும், பிறகு யாரோ ஒருவர் கைதட்டுவார், அது மெல்ல எல்லாரிடமும் பரவும், எழில்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்து தன் தெருவை உரக்கச் சொல்வாள். ஞாயிறு சாயங்காலம் கண்ணாடி முன் நின்று இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன். எங்கே நிறுத்த வேண்டும் என்றுகூடக் குறித்து வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வந்தது. கொடியேற்றி, தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் மைக்கைப் பிடித்தேன். ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. படிவத்தைக் கையில் எடுத்து வரிசையாகப் படித்தேன்.

"பெயர், தமிழ்மாறன். ஊர், நன்னிலம் பக்கம். தெரு, காலனித் தெரு. அப்பா பேரு தங்கையன், பண்ணைக் கூலி. அம்மா நடவு நட்டவங்க. போன தடவ ஒங்ககிட்ட ரயிலடித் தெருன்னு சொன்னேன். அது பொய். இருபத்திரண்டு வருசமா அந்தப் பொய்யைச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அப்புடி ஒரு தெருவே எங்க ஊர்ல கெடயாது."

என் குரல் நடுங்கியது. மேடைக் கூச்சத்துக்கு நான் சொன்ன கண்ணாடி வைத்தியம் எனக்கு வேலை செய்யவில்லை. சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தேன். யாரும் கைதட்டவில்லை. ஆறாம் வகுப்பு வரிசையில் ஒருவன் கால் கட்டைவிரலால் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தான். ஆசிரியர்கள் வரிசையில் நாகேஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. இருமல் மட்டும் எங்கேயும் கேட்கவில்லை. அதுவே போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழில்மொழியின் பெயரை அழைத்தேன்.

ஒல்லியான பெண். இரட்டைப் பின்னல். கண்ணைத் துடைக்கவெல்லாம் இல்லை. மேடைக்கு வந்து மைக்கைத் தன் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டாள்.

"வணக்கம். என் பெயர் எழில்மொழி. பதினொன்றாம் வகுப்பு. அப்பா இளஞ்செழியன், திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. அம்மா ரெங்கம்மாள், விவசாயக் கூலி." இங்கே நிறுத்தினாள். படிவத்தை நான்காக மடித்தாள். "தெருவை நான் சொல்லப்போறதில்ல."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற நானூறு பேரைப் பார்த்துப் பேசினாள்.

"வெக்கப்பட்டுகிட்டு இல்ல. சார் இன்னக்கி அவங்க தெருவைச் சொன்னாங்க. அது அவங்க இஷ்டம். ஆனா சார் சொல்லிட்டாங்கன்னு நாங்களும் சொல்லணும்னு இல்ல. அதக் கேட்டதே தப்பு. அறிவுமதிகிட்ட கேட்டதும் தப்பு." அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "வேற ஏதாவது கேளுங்க சார். சொல்றேன்."

இரண்டு முறை ஒத்திகை பார்த்த என் வீரம் மொத்தமும் அங்கேயே கரைந்தது. நான் என் பொய்யை ஒப்புக்கொண்டேனே தவிர, நான் கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கவில்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

கேள் என்கிறாள். கேட்க வேண்டும். பிடித்த பாடம், படித்த புத்தகம், என்ன ஆக வேண்டும் என்று ஒரு மாணவியிடம் கேட்க உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. தலைமையாசிரியருக்கு ஒன்றும் வரவில்லை. மனதில் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். மைக் இன்னும் உயிரோடு இருப்பதை மறந்து அதைக் கேட்டுவிட்டேன்.

"இங்கயே படிக்கிறியாம்மா?"

பள்ளி முழுவதும் கேட்டது. கெஞ்சுகிற மாதிரி இருந்தது என்று பிறகு அனீஸா சொன்னார். கெஞ்சத்தான் செய்தேன்.

எழில்மொழி மறுபடி மைக் பக்கம் திரும்பினாள். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள்.

நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் சிரித்தார்கள். ஆசிரியர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேட்டது தப்புதான், இனிமேல் இந்தப் பள்ளியில் யாரும் யாரிடமும் தெருவைக் கேட்கக் கூடாது என்று அதே மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினேன். பேசியது மொத்தம் ஆறு நிமிடம். முதல் பாடவேளை நேரத்துக்குத் தொடங்கியது.

பதினோரு மணிக்குக் காபி வந்தது. அதே டபராதான். ஆனால் நாகேஸ்வரன் வழக்கத்தைவிட நிறையப் பேசினார், எல்லாம் மழையைப் பற்றி. அவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை என்று புரிந்துகொண்டேன். வீட்டுக்காரர் அந்த வாரக் கடைசியில், மகன் வெளிநாட்டிலிருந்து வருவதாகவும் வீடு தேவைப்படும் என்றும் சொல்லியனுப்பினார். மனைவி பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினாள். நான் நினைத்த அளவுக்கு அது வலிக்கவில்லை. கொஞ்சம் வலித்தது.

ஆனால் அந்த வாரம் முழுக்க நான் காத்திருந்தது வீட்டுக்காரருக்காக இல்லை. விண்ணப்பம் என் மேஜையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இருந்தது. செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. வராந்தாவில் இரட்டைப் பின்னல் தெரிந்தால் நான் எழுந்து நின்றேன். மூன்று முறை வேறு பிள்ளைகளுக்கு எழுந்து நின்று, ஏன் நின்றேன் என்று சொல்லத் தெரியாமல் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணிக்குப் பிறகு அவள் வந்தாள். கூடவே அறிவுமதியும் வந்து வாசலில் நின்றுகொண்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா சார்?"

"இல்லம்மா."

"அப்ப குடுங்க."

கொடுத்தேன். வாங்கி, அது தன்னுடையதுதானா என்று ஒருமுறை படித்துப் பார்த்து, மடித்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு இருவரும் வகுப்பைப் பார்த்து நடந்தார்கள். அவள் நன்றி எதுவும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.